ஒரே தண்ணீர், எட்டு அணைக்கட்டு: தாமிரபரணிக் கணக்கு

தாமிரபரணி வற்றாத ஆறு என்று பள்ளிக்கூடப் புத்தகம் தொடங்கி ஊர்ச் சுவர் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறோம். பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டால், அது எப்படி வற்றாமல் ஓடுகிறது என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

ஆற்றின் பழைய பாசனப் பரப்பு 86,107 ஏக்கர். நடவு முதல் அறுப்பு வரை ஒரு போக நெல்லுக்கு, பயிர் குடிப்பது, ஆவியாவது, மண்ணுக்குள் இறங்குவது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நாலடி உயரத் தண்ணீர் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 15 டிஎம்சி; ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. மேலே நிற்கும் பெரிய அணைகள் மூன்று. பாபநாசம் அணையில் 5.5 டிஎம்சி, சேர்வலாற்றில் 1.2, மணிமுத்தாற்றில் 5.5. மூன்றும் நிரம்பி வழிந்தாலும் 12.2 டிஎம்சிதான். அதிலும் மணிமுத்தாற்றுக்குத் தனி ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உண்டு. ஒரு போகத்துக்கே பற்றாத தண்ணீரை வைத்துக்கொண்டு கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்திருக்கிறது. நடுவில் வாழையும் வெற்றிலையும் வேறு. இரண்டு மாவட்டத்துக்குக் குடிநீர் கொடுத்து, விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் சிலவற்றுக்கும் குழாய் போயிருக்கிறது.

இதற்குக் காரணம் இரண்டு. அணை வருடத்தில் இரண்டு தடவை நிரம்புகிறது. எடுத்த தண்ணீர் திரும்ப ஆற்றுக்கே வந்து, கீழே மறுபடி எடுக்கப்படுகிறது. முதல் காரணத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். இரண்டாவதைத்தான் நாம் மறந்துபோனோம்.

முதலில் மலை. அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர். அந்தத் தொடரின் கிழக்குச் சரிவில் பிறந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே 125 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது ஆறு. பிறப்பதும் கலப்பதும் ஒரே மாநிலத்தில் என்பதால் நடுவர் மன்றச் சண்டை இல்லை. நமக்குள் நடக்கும் சண்டையே தாராளம்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழைக்கு மலை மறைவில் கிடக்கிறது. பொதிகை என்கிற இந்த அகத்தியர் மலை உச்சிப் பகுதி மட்டும் அந்த மழையைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் இறக்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவது அந்தத் தண்ணீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆலடியூர்ப் பக்கம் மணிமுத்தாறு, திருப்புடைமருதூரில் கடனா நதி, தருவையில் பச்சையாறு, சீவலப்பேரியில் குற்றாலத்துச் சிற்றாறு என்று வழியெல்லாம் கிளையாறுகள் சேரும். குற்றாலத்தில் சாரல் பிடித்தால் அந்தத் தண்ணீரும் சீவலப்பேரிக்குக் கீழே தாமிரபரணிக் கணக்கில்தான் வரும்.

பாபநாசம் அணையை ஊரில் காரையாறு அணை என்பார்கள். நீர்மட்டம் 143 அடி. பக்கத்துச் சேர்வலாற்றுக்கு 156 அடி. இரண்டுக்கும் நடுவே சுரங்கம் இருப்பதால் ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் போகும். செய்தித்தாளில் இரண்டு அணை மட்டமும் கூடவே ஏறி இறங்குவது அதனால்தான். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் பாபநாசம் மின்நிலையச் சக்கரங்களைச் சுற்றிவிட்டுத்தான் சமவெளிக்கு வருகிறது. 1944 முதல் நடக்கும் வேலை இது. அதற்கும் முன்னால், 1880களிலேயே, இதே அருவிச் சரிவின் வேகத்தை நம்பித்தான் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை போட்டார்கள். ஆக, வயலுக்கு வருமுன்பே தண்ணீர் ஒரு வேலை பார்த்தாயிற்று. ஒரு சொட்டும் குறையவில்லை.

அணைச் செய்தி படிக்கும்போது ஒரு வாய்ப்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும். விநாடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால், இரண்டு ஏக்கரில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். 1,000 கன அடி திறப்பு என்றால் நாளுக்கு 2,000 ஏக்கருக்கு ஓரடி. நிரம்பிய காரையாறு அணையிலிருந்து, வரத்தே இல்லாமல் 1,000 கன அடி வீதம் விட்டால் அறுபத்து மூன்று, அறுபத்து நாலு நாளில் தரை தெரியும். கார் நெல்லுக்கு அது காணாது. அணை ஒரு வங்கிக் கணக்கு மாதிரி. இருப்பைவிட வரவுதான் முக்கியம்.

இனி அணைக்கட்டுகள். இங்கே ‘அணை’ வேறு, ‘அணைக்கட்டு’ வேறு. அணை தேக்கும், அணைக்கட்டு ஆற்றைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்துக் காலுக்கு, அதாவது கால்வாய்க்கு, திருப்பிவிட்டு, மீதியைத் தலைக்கு மேல் வழியவிடும். மேலிருந்து கீழாகச் சொன்னால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரர் வருமுன்பே இருந்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டியது. இவற்றிலிருந்து பிரியும் கால்கள் பதினொன்று: கோடைமேலழகியானில் வடக்கும் தெற்குமாக இரண்டு, நதியுண்ணிக்கால், கன்னடியன்கால், அரியநாயகிபுரத்தில் கோடகன்கால், பழவூரில் பாளையங்கால், சுத்தமல்லியில் நெல்லைக்கால், மருதூரில் மேலக்கால் கீழக்கால், ஸ்ரீவைகுண்டத்தில் வடகால் தென்கால்.

பழைய அணைக்கட்டுகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் அவை ஆற்றுக்குக் குறுக்கே நேர்க்கோடாக நிற்பதில்லை. பாறை எங்கே தலைநீட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தும் வளைந்தும் போகும். மருதூர் அணைக்கட்டு குதிரை லாடம் மாதிரி வளைந்து கிடக்கிறது. பாறை மேல் நின்றால் அடிமண் அரிக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, சுவர் நீளமாக நீளமாக வெள்ளம் தலைக்கு மேல் ஏறும் உயரம் குறையும். அதே வெள்ளத்துக்குச் சுவரின் நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், ஏறும் உயரம் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே வந்துவிடும். நேராக ஒரு சுவர் கட்டிவிட்டு, மேல்பக்க ஊரில் தண்ணீர் புகுந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்வதைவிட, சாய்த்துக் கட்டுவது மேல். சாய்ந்த சுவர் தண்ணீரைத் தன் கீழ்முனைக்குத் தள்ளிக்கொண்டு போகும். கால்வாயின் தலைமதகு அங்கே இருந்தால் கோடையிலும் முதல் தண்ணீர் அதற்குத்தான்.

மதகுக்குப் பக்கத்தில் மணல்போக்கி ஒன்று வேண்டும். வெள்ளம் ஏறும்போது அதைத் திறந்துவிட்டால், மதகு வாயில் படிந்த மணலை ஆறே வாரிக்கொண்டு போய்விடும். அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிட்டால், மணல் கால்வாய்க்குள் நுழையும். அப்புறம் ஜேசிபி வைத்து அள்ள வேண்டும். ஷட்டர் துருப்பிடித்துத் தூக்க முடியாமல் போன இடங்களில் நடப்பது இதுதான்.

கன்னடியன் காலுக்கு ஒரு கதை சொல்வார்கள். கால் எப்படி வெட்டுவதென்று கன்னட தேசத்து அந்தணன் ஒருவன் அகத்தியரைக் கேட்க, ஒரு பசுவின் பின்னால் போகச் சொன்னாராம். பசு நடந்த வழியில் கால், படுத்த இடத்தில் குளம். புராணம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மாடு மேட்டில் நேராக ஏறாது, சரிவைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். தாழ்ந்த, ஈரமான இடத்தில் படுக்கும். மட்டக்கோல் இல்லாத காலத்துச் சமமட்டக்கோட்டைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி ஏது? கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தொடங்கி, சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகப் பிராஞ்சேரிக் குளம் வரைக்கும் அந்தக் கால் மேட்டோரமாகவே ஊர்ந்து போகும். எல்லாக் காலும் அப்படித்தான்: மேட்டோரம் கால், ஆற்றுக்கும் காலுக்கும் நடுவே வயல்.

இந்த அமைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. வயலுக்கு விட்ட தண்ணீரில் கணிசமான பங்கு மண்ணுக்குள் இறங்கி, சரிவு ஆற்றுப் பக்கமே இருப்பதால் கசிவாகத் திரும்ப ஆற்றில் சேரும். குளம் நிரம்பி மறுகால் (உபரித் தண்ணீர் வழியும் வழி) பாய்ந்தால் அதுவும் அடுத்த குளத்துக்குப் போய், கடைசியில் ஆற்றுக்கே வரும். அம்பாசமுத்திரத்து வயலில் நின்ற தண்ணீர் அரியநாயகிபுரத்தில் மறுபடி எடுக்கப்படும். அங்கிருந்து கசிந்தது சுத்தமல்லியில். அதன் மிச்சம் மருதூரில். கோடையில் அணையிலிருந்து அளந்து விட்ட தண்ணீரைவிடக் கீழ்ப்பகுதியில் ஆறு கொஞ்சம் தடித்து ஓடுவது இப்படித்தான். மேலே காலுக்குத் தளம் போட்டுச் சிமெண்ட் பூசினால் கடைமடைக்குச் சீக்கிரம் தண்ணீர் போகும், உண்மைதான். கசிவு நின்றுபோய் இரண்டு அணைக்கட்டு தள்ளி ஆறு மெலியும், அதுவும் உண்மை. ஒரு காலின் சேதாரம் இன்னொரு காலின் வரவு.

ஆற்றங்கரைப் பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர்க்காரர்கள் இந்த வயல்–மேடு கணக்கை எப்போதோ புரிந்து வைத்திருந்தார்கள் போல. இறந்தவர்களை வைத்த தாழிகளை எல்லாம் விளையாத சரள்மேட்டில் புதைத்து, ஆற்றோர நிலத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். சற்றுத் தள்ளிச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வு முடிவு வந்தது. தமிழக அரசு அதை 2021-ல் அறிவித்தது.

பருவத்துக்கு வருவோம். கார் நடவுக்கு ஜூன் 1-ல் தண்ணீர் திறப்பது வழக்கம். நூற்றுப் பத்து நாள் வாக்கில் வரும் குறுகிய கால நெல்தான் கட்டுப்படியாகும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஏஎஸ்டி 16, ஊர்ப்பேச்சில் ‘அம்பை 16’, இந்தப் பகுதிக்கே அளவெடுத்துத் தைத்த ரகம். பிசானத்துக்கு அக்டோபரில் நாற்றங்கால், மாசி பங்குனியில் அறுப்பு. ஜூனில் சாரல் ஏமாற்றி, திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் இரண்டு போகமும் கெடும். கார் கதிர் ஐப்பசி மழையில் சாய்ந்து வயலிலேயே முளைவிடும். அந்த வயலைக் காலி செய்யாமல் பிசான நடவு தொடங்க முடியாது. தள்ளிப்போன பிசானம் பால் பிடிக்கும் நேரத்தில் அணை மட்டம் இறங்கியிருக்கும். கடைமடையில் பதர்தான் மிஞ்சும்.

நெல் மட்டுமே இருந்த காலத்தில் சித்திரை வைகாசியில் காலை அடைத்து, மண் அள்ளி, கரை பலப்படுத்த அவகாசம் இருந்தது. வாழை வந்தபின் அது போயிற்று. வாழை பத்துப் பன்னிரண்டு மாதம் நிற்கும் பயிர்; கோடையில் இருபது நாள் காய்ந்தால் தார் சிறுத்துவிடும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைக்குத் தண்ணீர் கேட்பதும் நியாயம், கால் அடைக்காமல் மராமத்து நடக்காது என்பதும் நியாயம். கடைசியில் விட்டுக்கொடுப்பது மராமத்துதான். கால் முழுக்க நீர்க்களையான அமலைச்செடி அடைத்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும்.

ஆத்தூர்க் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், இதைவிட நுட்பம். வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அகத்திக் கொம்பில் படரவிட்டு, பாத்திக்கு நடுவே வாய்க்கால் விட்டு வளர்ப்பார்கள். உப்பு கொஞ்சம் ஏறினாலும் இலை நுனி கருகும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலுக்கும் கடலுக்கும் நடுவே உப்பை மறித்து நிற்பது ஆற்றின் நல்ல தண்ணீர் மட்டும்தான்.

ஆற்றங்கரைக் கோரையில்தான் பத்தமடைப் பாய் பிறக்கிறது. பச்சையாக அறுத்துக் காயவைத்த கோரையைக் கட்டுக்கட்டாக ஓடும் தண்ணீரில் சில நாள் அமுக்கி வைக்க வேண்டும். தேங்கின தண்ணீரில் போட்டால் நாற்றம் பிடித்து நிறம் மங்கும். ஊறிப் பருத்ததை மறுபடி காயவைத்து, நார்நாராகக் கிழித்து, நூல் பாவில் ஊடாகக் கொடுத்து நெய்வார்கள். பட்டுப்பாய் என்பது மடித்துக் கைக்குள் அடங்குகிற சன்னம். அந்தப் பாய்க்கு ஆற்றுத் தண்ணீர் காரணம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். அல்வாவுக்கும் தாமிரபரணித் தண்ணீர்தான் ருசி என்கிறார்களே, அதில் பாதியாவது கோதுமைப் பாலுக்கும் நெய்க்கும், கை ஓயாமல் கிண்டுகிறவருக்கும் சேர வேண்டிய பெயர்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்க 1843 வரை படகுதான். சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டிக்கொடுத்த பதினொரு வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. வெள்ளக் காலத்தில் நெல்லைக்காரர் பார்ப்பது பாலத்தின் அளவுகோலை அல்ல. ‘குறுக்குத்துறைக் கோவில் முங்கியாச்சா?’ என்பதுதான் கேள்வி. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்த முருகன் கோவிலின் வெளிச்சுவர் படகு முனை போல நீரோட்டத்தைப் பிளக்கும்படி அமைந்தது. தண்ணீர் ஏறும் அறிகுறி தெரிந்ததும் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோவிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். தடுக்காமல் வழிவிட்டு நிற்கும் கட்டடம்.

இதே நகரத்தில்தான் ஆற்றின் கணக்கு கோளாறாகிறது. மேலே வயலிலிருந்து கசிவு திரும்பி வந்தது என்றேனே, இங்கே திரும்பி வருவது சாக்கடை. பாளையங்கால் மேலப்பாளையத்துக்குள்ளும் நெல்லைக்கால் டவுனுக்குள்ளும் புகுந்து போகின்றன. இரண்டு பக்கத்து வீட்டுக் கழிவும் அதில்தான். கீழே சில கிலோமீட்டரில் சீவலப்பேரியும் வல்லநாடும், அதாவது தூத்துக்குடிக்கும் வேறு பல ஊர்களுக்கும் குடிநீர் எடுக்கும் தலைமை இடங்கள். ஒரே தண்ணீரைப் பலமுறை எடுக்கும் ஆற்றில் நடுவில் ஒருவர் அழுக்காக்கினால், அதற்குக் கீழே இருக்கும் எல்லாருக்கும் அதுவே பங்கு. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணியும் அப்படித்தான். முன்பு பருத்தி வேட்டி மட்கிப்போகும்; இன்று பாலியஸ்டர், பாறை இடுக்கில் கிடந்து குளிக்கிறவர் காலைச் சுற்றும்.

குடிநீர் எடுப்பது பெரும்பாலும் ஆற்று மணலுக்குள் இறக்கிய உறைகிணற்றிலிருந்து. மணலின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. அங்கே நிற்கும் தண்ணீர் வெயிலுக்கு ஆவியாகாது, மணலே வடிகட்டியும் ஆகிறது. மூன்று மீட்டர் மணலை அள்ளிவிட்டால் ஒரு மீட்டர் உயரத் தண்ணீரை அள்ளிவிட்டோம் என்று பொருள், வடிகட்டியும் போயிற்று. கோடையில் உறையின் கழுத்து அந்தரத்தில் தெரிகிறதென்றால் மணல் எவ்வளவு போனதென்று அளந்துகொள்ளலாம். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தானே வாதாடி, 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இந்த ஆற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கினார். அது இல்லாவிட்டால் பல உறைகிணறுகள் வெறும் தூணாக நின்றிருக்கும்.

ஸ்ரீவைகுண்டத்தில் நேர்மாறான சிக்கல். அங்கே மணலும் வண்டலும் அளவுக்கு மீறிச் சேர்ந்து, தேக்கத்துக்குள் சீமைக்கருவேலம் காடாக முளைத்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு 2015-ல் தூர்வாரத் தொடங்கினார்கள். கடைசி அணைக்கட்டு என்பதால் அதற்குப் பின்னால் பிடிக்க வேறு இடம் இல்லை. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென்று நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டமும் இங்கிருந்துதான். அதைக் கன அடியில் சொன்னால் விநாடிக்கு 37. மழைக்காலத்தில் அது தூசு. பங்குனி சித்திரையில் வாய்ப்பாட்டின்படி நாளுக்கு 74 ஏக்கருக்கு ஓரடி. வாடி நிற்கும் வாழைக்கு அது சின்னத் தண்ணீர் அல்ல.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் அணையைத் திறந்ததுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். மழை எங்கே பெய்தது என்று பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. எல்லாம் அணைக்குக் கீழே. 60 செ.மீ. மழை 260 சதுர கிலோமீட்டரில் பெய்தால் அதுவே ஒரு முழு காரையாறு அணைத் தண்ணீர். அணை கட்டிப் பிடிக்க முடியாத இடத்தில் ஓர் அணை கொட்டியது. மறுகால் பாயும் வழியெல்லாம் ரோடும் ரயில் கரையும் வீடும் மறித்திருக்க, மேல்குளம் உடைந்து கீழ்க்குளத்தை உடைத்தது. வடகாலின் கடைசிக் குளமான கோரம்பள்ளம் உடைந்து தூத்துக்குடிக்குள் புகுந்தது. தண்ணீரைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொடுத்த அதே சங்கிலி, அந்த இரவில் உடைப்பையும் கைமாற்றியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது அப்போதுதான்.

அதற்குக் கீழே ஆறு மண்ணைப் போட்டுப் போட்டு நிலம் செய்த இடம். பாண்டியர் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவே இருக்கிறது. கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ பார்த்தது அதைத்தான். காயலும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. இன்று அங்கே உப்பளம்.

‘ஆண்டுக்கு 13.7 டிஎம்சி வீணாகக் கடலுக்குப் போகிறது’ என்ற கணக்கில்தான் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு வரை வெள்ளநீர்க் கால்வாய் வெட்டினார்கள். 2009-ல் தொடங்கிய திட்டம், நீளம் 75 கிலோமீட்டர், கொள்ளளவு விநாடிக்கு 3,200 கன அடி. சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்காட்டுக்கு, அதாவது செம்மணல் காட்டுக்கு, 2.765 டிஎம்சி கொண்டுபோவது நோக்கம். 3,200 கன அடி முழுதாக ஓடினால் அந்த அளவுக்குச் சரியாகப் பத்து நாள் போதும். நல்ல மழை வருடத்தில் பத்து நாள் வெள்ளம் தாராளமாகக் கிடைக்கும். தேரிக்கு அது தேவையும்கூட. வில்லங்கம், வெள்ளமில்லாத நாளில் அந்த ஷட்டரைத் தூக்கச் சொல்லி வரும் அழுத்தத்தில் இருக்கிறது. கன்னடியனுக்குக் கீழே இன்னும் ஐந்து அணைக்கட்டு காத்திருக்கிறது.

அவற்றுக்கும் கீழே கடல் இருக்கிறது. நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், அதற்குக் கீழே நாற்பதடி ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி வைக்கும். ஓரடி இறங்கினால் நாற்பதடி உப்பு மேலேறும். கார்த்திகை மார்கழியில் புன்னைக்காயல் முகத்துவாரத்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு போகும் தண்ணீர்தான் முக்காணி, ஆத்தூர்க் கிணறுகளில் அந்த ஓரடியை ஏற்றிவைக்கிறது. வீண் என்று எழுதிய கணக்கில் அந்தக் கிணறுகள் சேரவில்லை.